ரத்த அளவு 8.2: கடன் வாங்கித் தனியாரில் பிரசவம் பார்க்க வேண்டுமா?

பெயரை வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு சென்னை செம்மஞ்சேரி குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். நகரத்துக்குள் ஆற்றோரம் இருந்த வீட்டை இடித்தபோது செம்மஞ்சேரிக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவருடையது. அண்ணன் பெயின்டர். அண்ணிக்கு 23 வயது. முதல் குழந்தைக்கு 14 மாதம் ஆகிறது, அண்ணி மறுபடியும் ஐந்து மாத கர்ப்பிணி. பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஒப்பந்தத் துப்புரவுப் பணிக்கு ஏழு மாதங்களாகப் போய் வருகிறார். சம்பளம் 11,000 ரூபாய். "வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது, அடுத்த மாதம் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிடு" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் மாதம் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். நான்காம் மாதப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் (பேச்சுவழக்கில் 'ரத்த அளவு') 8.2 என்று அட்டையில் எழுதி, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதன்பிறகு அண்ணி அங்கே போகவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் மூன்று அட்டை மாத்திரையும் பிரிக்காமல் இருந்ததை வாசகிதான் கண்டுபிடித்திருக்கிறார். கேட்டால், வாந்தி வருகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, பயமாக இருக்கிறது என்கிறாராம். முதல் பிரசவம் நகரத்தின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்தது. வலியில் கத்தியதற்குக் கேட்கக்கூடாத வார்த்தைகளைக் கேட்டிருக்கிறார். குழந்தையைக் காட்ட அண்ணனிடம் ஆயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். அதனால் இந்த முறை தனியார் மருத்துவமனையில் 60,000 ரூபாய் 'பேக்கேஜ்' பேசியிருக்கிறார்கள். மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டிக்குக் கடன் தயார். அரசு தரும் மகப்பேறு உதவித்தொகையில் அதை அடைத்துவிடலாம் என்பது அண்ணனின் கணக்கு.

"நான்தான் வீட்டில் கல்லூரி வரை படித்தவள். நான் சொன்னால் கேட்பார்கள். கடன் வாங்கலாமா, வேண்டாமா என்று மட்டும் சொல்லுங்கள் டாக்டர்" என்று முடித்திருக்கிறார்.

அன்புச் சகோதரிக்கு,

வேண்டாம். கேட்ட கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட விஷயங்கள்தான் எனக்குக் கவலை தருகின்றன. பிரசவம் எங்கே என்பதை முடிவு செய்ய இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ரத்த அளவை ஏற்றுவதற்கு அவ்வளவு காலம் இல்லை.

8.2 என்றால் என்ன

கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் ரத்தசோகை. 7 முதல் 10 வரை நடுத்தரம், 7-க்குக் கீழே கடுமை. உங்கள் அண்ணி நடுத்தர வரிசையின் கீழ்ப்பாதியில் நிற்கிறார். அவர் மட்டுமல்ல, 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருந்தது. அதே ஆய்வில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடந்தன. அதாவது, நம் ஊரில் ஏறத்தாழ எல்லாப் பெண்களும் மருத்துவமனைக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் பாதிப் பேர் போதிய ரத்தம் இல்லாமல் வருகிறார்கள்.

பிரசவத்தில் ரத்தப்போக்கு எல்லோருக்கும் உண்டு. நல்ல ரத்த அளவு உள்ள பெண் அரை லிட்டர் இழந்தாலும் பெரும்பாலும் தாக்குப்பிடித்துவிடுவார். 8 அளவோடு வருபவருக்கு அதே அரை லிட்டர் உயிர்ப் பிரச்சினை ஆகலாம். தாய்மார்கள் இறப்பதற்கான முதன்மைக் காரணங்களில் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கும் ஒன்று. குளிரூட்டிய அறை அதைத் தடுக்காது. குறைமாதமும் எடை குறைந்த குழந்தையும் ரத்தசோகையோடு சேர்ந்து வரக்கூடியவை.

பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார், சாமி மாடத்துத் திருநீற்றையும் விடுவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அம்மா அதை மசக்கை ஆசை என்கிறார். ஐந்தாம் மாதத்தில் இந்த ஆசை இருந்தால் நான் முதலில் இரும்புச்சத்துக் குறைவைத்தான் சந்தேகிப்பேன். சிலர் பலப்பம் தின்பார்கள், சிலர் சாம்பல், சிலர் செம்மண். திட்டினால் ஒளித்துத் தின்பார்கள். இரும்புச்சத்து ஏற ஏற அந்த ஆசை தானாகப் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மலம் கறுப்பாகப் போவது மாத்திரையின் இரும்பினால்தான். அதில் ஆபத்து எதுவும் இல்லை. அட்டை பிரிக்கப்படாமல் இருக்கிறது என்கிறீர்கள், மலம் கறுத்தது என்றும் எழுதுகிறீர்கள். முதல் பிரசவத்தின்போது போட்ட அனுபவத்தைச் சொல்கிறாரோ என்னவோ. மாத்திரையே போடாத நாட்களிலும் தார் போலக் கறுப்பாகப் போனால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். இரும்பு மாத்திரை போட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்று உங்கள் பகுதியில் யாராவது சொல்லியிருந்தால், அதுவும் உண்மை இல்லை.

வாந்திக்கு வழி இருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து படுக்கப் போகும் முன் போடட்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைச் சாறு அல்லது ஒரு துண்டு கொய்யா கூட இருந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். டீ, காபி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றுக்கும் இதற்கும் இடையில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீயோடு போடும் மாத்திரை பெரிதும் வீண். இந்த ரத்த அளவுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை எழுதுவார்கள், குடற்புழு மாத்திரையும் ஒருமுறை கொடுப்பார்கள். நிலைய மருத்துவர் சொல்லும் கணக்கே கணக்கு. நான்கு வாரத்தில் அளவு ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை, அல்லது எப்படிப் போட்டாலும் வாந்தியில் வந்துவிடுகிறது என்றால், நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். அதற்கும் அரசு மருத்துவமனையில் காசு இல்லை.

அண்ணன் வாரந்தோறும் மாதுளை வாங்கி வருவது பாசம்தான். ஆனால் மாதுளையிலும் பீட்ரூட்டிலும் இருப்பது ரத்தத்தின் நிறம் மட்டும், இரும்பு சொற்பம். ஒரு கிலோ மாதுளைக் காசில் வாரம் முழுவதும் தினம் ஒரு முட்டையும், கொஞ்சம் நெத்திலிக் கருவாடும், முருங்கைக்கீரையும், வேர்க்கடலையும் வாங்கிவிடலாம். ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) கிடைத்தால் நன்றாக வேகவைத்துக் கொடுங்கள், அதில் உண்மையிலேயே இரும்பு அதிகம். எது கொடுத்தாலும் மாத்திரைக்குப் பதிலாகாது.

அண்ணி எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியாகத்தான் சாப்பிடுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குழம்பில் மீன் தீர்ந்தபின் அவருக்குக் கிடைப்பது சோறும் குழம்புத் தண்ணீரும்தானே? இந்த வாரத்திலிருந்து அவருடைய முட்டையை முதலிலேயே அவர் தட்டில் வைத்துவிடுங்கள். இதற்காக அம்மாவோடு வாக்குவாதம் வேண்டாம். அடுத்த பரிசோதனைக்கு அம்மாவையும் கூட்டிப் போய், செவிலியர் வாயால் கேட்க வையுங்கள். மூன்று பிள்ளை பெற்றவரிடம் மகள் சொல்வது வேறு, வெள்ளைச் சீருடை சொல்வது வேறு.

வேலையை விடுவதாக எழுதிக் கொடுக்க வேண்டாம்

சம்பளத்தில் 'இ.எஸ்.ஐ. என்று ஏதோ' பிடிக்கிறார்கள், அட்டை எதுவும் வாங்கியதில்லை என்று ஒரே வரியில் எழுதிக் கடந்துவிட்டீர்கள். கடிதத்தில் மிகவும் மதிப்புள்ள வரி அதுதான். நான் வழக்கறிஞர் அல்ல. ஆனால் மகப்பேறு மருத்துவராக இருந்துகொண்டு இதைத் தெரியாமல் இருக்க முடியாது.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குள் வருவார்கள். தொழிலாளி 0.75 விழுக்காடு, நிறுவனம் 3.25 விழுக்காடு கட்டும். காப்பீடு பெற்ற பெண்ணுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழு ஊதிய அளவில் மகப்பேறு பணப்பயன் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) குறைந்தது 70 நாட்களுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏழு மாதமாக வேலை செய்பவருக்கு, பிடித்த பணத்தை நிறுவனம் உண்மையில் கட்டியிருந்தால், இது கிடைத்தாக வேண்டும். எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு எட்டு வாரம் முன்பிருந்தே விடுப்பைத் தொடங்கலாம்.

11,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆறு மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறத்தாழ 66,000. அறுபதாயிரத்தை வட்டிக்கு வாங்கத் துடிக்கும் அதே வீடு, அதைவிடப் பெரிய தொகையை ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டுப் பறிகொடுக்கப் பார்க்கிறது. கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்துவது சட்டப்படி குற்றம். மேற்பார்வையாளருக்கு அது தெரியாமல் இருக்காது. அதனால்தான் 'நீயே எழுதிக் கொடு' என்கிறார்.

செய்ய வேண்டியது: சம்பளச் சீட்டில் உள்ள இ.எஸ்.ஐ. எண்ணைக் குறித்துக்கொண்டு அருகிலுள்ள இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நீங்களே ஆதாரோடு அண்ணியைக் கூட்டிச் செல்லுங்கள். பணம் கட்டப்பட்டிருக்கிறதா என்று அங்கே பார்த்துச் சொல்வார்கள். பிடித்துவிட்டுக் கட்டவில்லை என்றால் அங்கேயே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். கே.கே. நகர், அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பிரசவமும் பார்க்கலாம். வேலையில் இருக்கும்வரை பாரம் தூக்குவது, ஏணி ஏறுவது, காரமான அமிலத்தில் கழிப்பறை கழுவுவது ஆகியவற்றைத் தவிர்க்கும்படி மருத்துவரிடம் சான்று வாங்கிக் கொடுங்கள்.

கடனும் உதவித்தொகையும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் கிடைப்பது மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 வங்கிக் கணக்கில், 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முதல் இரண்டு பிரசவங்களுக்கு மட்டும். பணமும் ஒரே நாளில் வராது. பரிசோதனைக்கு வந்தால், பிரசவம் முடிந்தால், குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் என்று தவணை தவணையாக வரும். அண்ணி பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் அதுவும் தடைபடும். இ.எஸ்.ஐ. இருப்பதைச் செவிலியரிடம் மறைக்காமல் சொல்லி, என்னென்ன சேரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் வட்டிக்கு மாதம் 3,000, வருடம் 36,000 ஆகிறது. அசலில் ஒரு ரூபாயும் குறையாது.

'பேக்கேஜ்' என்பதில் பெரும்பாலும் சுகப்பிரசவச் செலவு மட்டும்தான் அடங்கும். சிசேரியன், ரத்தம், குழந்தைக்குத் தீவிர சிகிச்சை ஆகியவற்றுக்குத் தனிக் கணக்கு. நான் மேலே சொன்ன ஆய்வின்படி தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 விழுக்காடும், அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடும் சிசேரியன். அரசு மருத்துவமனைக்குச் சிக்கலான கேஸ்கள் அதிகம் வருகின்றன என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பாருங்கள். இன்னொன்று, ரத்தசோகையோடு நள்ளிரவில் நிலைமை மோசமானால், சிறிய தனியார் மருத்துவமனைகள் பல கடைசியில் அனுப்பி வைப்பது எழும்பூர் தாய் சேய் நல மருத்துவமனைக்கோ திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைக்கோதான்.

அந்த அவமானம்

முதல் பிரசவத்தில் நடந்ததைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். வலியில் இருக்கும் பெண்ணைக் கேவலமாகப் பேசுவது சிகிச்சையில் சேர்த்தி இல்லை. என் துறையைச் சேர்ந்தவர்கள் இதை இன்னும் முழுதாக உணரவில்லை என்பதும் உண்மை. அந்த பயத்தில்தான் அண்ணி சுகாதார நிலையப் பக்கமே போகாமல் இருக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் சோம்பேறி என்ற அண்ணனின் முடிவு தவறு.

2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம், உணவு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாமே இலவசம். ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கும் அப்படியே. குழந்தையைக் காட்டக் காசு கேட்பது லஞ்சம். உடனே அங்குள்ள நிலைய மருத்துவ அலுவலரிடம் சொல்லுங்கள், 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணிலும் பதிவு செய்யுங்கள். கட்டாயத்தால் கொடுத்துவிட்டால் ஏழு நாட்களுக்குள் லஞ்ச ஒழிப்புத் துறையில் புகார் கொடுக்க வேண்டும், அப்போது கொடுத்தவர் மீது குற்றம் வராது. பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாம் என்பதும் அரசின் நெறிமுறையிலேயே இருக்கிறது. அந்தத் துணை நீங்களாக இருந்தால் நல்லது. கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது பேச்சின் தொனி மாறுவதை வார்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செம்மஞ்சேரியிலிருந்து எழும்பூர் போக்குவரத்து நெரிசலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். வலி எடுத்தபின் எங்கே போவது என்று யோசிக்கக் கூடாது. எட்டாம் மாதத்துக்குள் செவிலியரோடு பேசி மருத்துவமனையை முடிவு செய்து, 8.2 எழுதிய அந்த அட்டையையும் பிக்மி எனும் கர்ப்பப் பதிவு எண்ணையும் ஒரே பையில் வையுங்கள். கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்:

- எந்த அளவிலும் ரத்தப்போக்கு, அல்லது பனிக்குடம் உடைவது
- விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு
- உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, படபடப்பு
- குழந்தையின் அசைவு குறைவது
- காய்ச்சலோடு குளிர் நடுக்கம்

பதினான்கு மாதக் குழந்தை

கர்ப்பமான தாயின் பால் விஷம் என்று நிறுத்தச் சொல்கிறார் அம்மா. அப்படி இல்லை. பால் குறையும், சுவை மாறும், சில குழந்தைகள் தாமாகவே விட்டுவிடும். ரத்தப்போக்கோ குறைமாத வலியோ இல்லாதவரை தொடரலாம். அண்ணி நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

எனக்குக் கவலை, 7.1 கிலோ என்ற எடை. 14 மாதப் பெண் குழந்தைக்கு இது குறைவு. பகலில் பாட்டியிடம் இருக்கும் குழந்தைக்குக் காலையில் டீயில் நனைத்த பிஸ்கட், மாலையில் ஐந்து ரூபாய்ச் சிப்ஸ் பாக்கெட், நடுவில் ரசஞ்சோறு. வயிறு நிறைந்துவிடுகிறது, எடை ஏறுவதில்லை. டீயை இன்றே நிறுத்துங்கள், குழந்தையின் இரும்புச்சத்தையும் அது தடுக்கிறது. பருப்பும் காயும் சேர்த்துக் குழைய வேகவைத்த சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய் விட்டு, நாளைக்கு ஐந்து வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வேகவைத்த முட்டையைப் பிசைந்து கொடுங்கள். அங்கன்வாடியில் குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் தனித்தனியாகச் சத்துமாவு கொடுப்பார்கள். வீட்டில் எல்லோரும் கஞ்சி வைத்துக் குடித்துத் தீர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே மேல்கைச் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் தனிக் கவனம் வேண்டும், 11.5-க்குக் குறைந்தாலோ பாதம் வீங்கினாலோ உடனே மருத்துவமனை. 16 மாதம் முதல் போட வேண்டிய ஊக்கத் தடுப்பூசிகளும் வரிசையில் நிற்கின்றன.

கடைசியாக ஒன்று. பால் கொடுக்கும்போது கரு தங்காது என்று நம்பியதால்தான் இந்தக் கர்ப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாதுகாப்பு முதல் ஆறு மாதத்துக்கு, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் மட்டும்தான். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு ஆண்டாவது இடைவெளி வேண்டும். உங்கள் அண்ணியின் உடலுக்கு ஒன்பது மாதம்தான் கிடைத்தது, ரத்தம் வற்றியதில் அதற்கும் பங்கு உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி என்னும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ளலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியும் அரசு மையங்களில் கிடைக்கிறது. இதை வலி எடுத்த நேரத்தில் கையெழுத்துக் கேட்டு முடிவு செய்யாமல், இப்போதே அண்ணியும் அண்ணனும் மருத்துவரிடம் உட்கார்ந்து பேசட்டும். சம்மதம் அண்ணியுடையதாக இருக்க வேண்டும்.

பெரும்பாலான நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை. வரும் செவ்வாய்க்கே போங்கள். ஐந்தாம் மாத ஸ்கேனும் சர்க்கரைப் பரிசோதனையும் இன்னும் எடுக்கவில்லை என்று தெரிகிறது. ரத்த அளவை மறுபடி பார்க்கச் சொல்லி, அந்த எண்ணை எனக்கு எழுதுங்கள்.